'நாம்' என்று பேசியவன்

இன்று தீபாவளி. புதுச் சட்டை கசங்கியிருக்கிறதே என்று தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். ஈரப் பருத்தியிலிருந்து குப்பென்று ஆவி எழுந்தது. அந்த வாசனைக்கு எனக்கு ஒரே ஓர் இடம்தான் தெரியும். வேலம்பாளையத்தில் பனியன் துணி தேய்க்கும் பட்டறைக்கு மேல்மாடியில் நீயும் நானும் நடத்திய ஆங்கில வகுப்பு. கீழே ஆவி பறக்கும், மேலே நம் பிள்ளைகள் வியர்த்துக்கொண்டே படிப்பார்கள். நீ இறந்துபோன பிறகு இது இரண்டாவது தீபாவளி. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு, நல்ல சேதி ஏதாவது சேரட்டும் என்று தள்ளிப் போட்டேன். இன்று எழுதுவது வெட்கக்கேடான சேதி. மற்றவர்களிடம் சொன்னால் ஆறுதல் சொல்வார்கள். நீ திட்டுவாய் என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

ஷிஃப்ட் முடிந்து, தலைமுடியில் பஞ்சோடு வந்து உட்காருவார்களே, அவர்களுக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்று நமக்குள் முதல் நாளே சண்டை. நலம் விசாரிப்பதில் ஆரம்பிக்கலாம் என்றேன் நான். நீ கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், நான் சொன்ன எதைத்தான் உடனே ஒப்புக்கொண்டாய்? "நல்லாருக்கியான்னு கேக்கவா மாப்ள இவன் வேலை முடிச்சிட்டு மாடியேறி வாரான்? ஊரே பத்தி எரியும்போது மனுசன் என்ன வார்த்தையப் பேசுனான்னு காட்டுவோம். அது மறக்காது" என்றாய். மறுநாளே உலகப் போர்க் காலத்துத் தலைவர்களின் வானொலிப் பேச்சுகளைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாய்.

பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு எதற்கடா யுத்தம் என்று நான் கேலி பேசினேன். ஆனால் பிள்ளைகள் மயங்கித்தான் போனார்கள். குண்டு விழும் லண்டனில் இருந்து கரகரத்த குரலில் ஒருவர் பேசுவார். நீ இடையிடையே நிறுத்தி, சரணடைவது, தாங்கிக்கொள்வது, தியாகம் என்று வரும் ஆங்கிலச் சொற்களைப் பலகையில் எழுதுவாய். ஒவ்வொரு சொல்லையும் தன் வாழ்க்கையில் வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். செக்கிங் வேலை பார்த்த பெண் ஒருத்தி எழுந்து, "ஐ என்ட்யூர் மை மதர் இன் லா" என்றதும் மாடியே அதிர்ந்தது. பிறகு நீ வரலாற்றுக்குள் போவாய். அந்தக் கரகரத்த குரல்காரரின் ஆட்சியில்தான் வங்காளத்தில் பஞ்சம் வந்து, சனங்கள் தெருவில் விழுந்து செத்தார்கள் என்று சொல்வாய். "அவரு 'நாம'ன்னு சொல்லுதாருல்லா, அதுக்குள்ள யாரு இருக்கா, யாரு இல்லன்னு பாத்துக்கிடுங்க" என்பாய்.

உன் வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. பேச்சு முடிந்ததும் யாராவது ஒருவர், அதை அன்று கேட்டவராக எழுந்து பதில் சொல்ல வேண்டும். கப்பலில் நிற்கும் சிப்பாய், வெடிமருந்துத் தொழிற்சாலைப் பெண், மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிய தாய். ஒருநாள் பேக்கிங் பிரிவிலிருந்து வந்த ஒருவன் சிப்பாயாக எழுந்து விறைப்பாக சல்யூட் அடித்து, "சார், யூ ஆல்சோ கம்மிங்?" என்றான். எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. அவனைத் திரும்பச் சொல்ல வைத்து, எல்லோரையும் எழுதிக்கொள்ளச் சொன்னாய்.

எனக்கோ அந்தப் பேச்சுகளின் ஓசைதான் வேண்டியிருந்தது. எங்கே நிறுத்துகிறார், எங்கே குரலைத் தாழ்த்துகிறார், கெட்ட செய்தியை முதலில் சொல்லி எப்படி நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பிள்ளைகளுக்கு அப்படியே பேசிக் காட்டுவேன், கைதட்டுவார்கள். நீ கதவோரம் சாய்ந்து நின்று, "நீ பேசுனா நானே பட்டாளத்துல சேந்துருவேன்லே, எனக்கே பயமாருக்கு" என்பாய். அதைப் பாராட்டு என்றுதான் இத்தனை வருடமும் வைத்திருந்தேன்.

உனக்குப் பிறகு என்னால் வகுப்பை நடத்த முடியவில்லை. அவிநாசி ரோட்டில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மனிதவள அதிகாரியாகச் சேர்ந்துவிட்டேன். முதலாளி தங்கமான பேச்சுக்காரர். யாரையும் மரியாதை குறைத்துக் கூப்பிட மாட்டார், என்னை 'வாத்தியாரே' என்பார். போன மாதம் பெரிய ஷிப்மெண்ட் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு ஒரு நாள்தான் விடுமுறை, தென்மாவட்டத்துக்காரர்கள் ஊருக்குப் போகாமல் இருந்தால்தான் முடியும் என்ற நிலை. "ஏனுங்க வாத்தியாரே, நான் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. நீங்க பேசுனா கேப்பாங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன்.

பேச வேண்டிய நாள் காலையில், அதே ஷிப்மெண்ட்டுக்கு சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கூடுதலாக இரண்டு வாரம் தவணை கொடுத்துவிட்டதாக, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வந்து சொன்னார். நான் முதலாளியிடம் ஓடினேன். அவர் காபியைக் கீழே வைக்காமலே, "குடுத்தா நல்லதுதானுங்க. இத சீக்கிரம் முடிச்சுட்டா அடுத்த ஆர்டரப் புடிச்சரலாம். பேச்ச மாத்த வேண்டாமுங்க, நல்லா எழுதியிருக்கறீங்க" என்றார். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்கூடப் பெரிதாக இல்லை. எழுதிய பேச்சு வீணாகிவிடுமே என்றுதான் நினைத்தேன். இதை உன்னிடம் சொல்லவே கூசுகிறது.

கேன்டீன் கொட்டகையில் எல்லோரையும் கூட்டி வைத்திருந்தார்கள். "இனிப்பான சேதி சொல்ல நான் வரலைங்க" என்று ஆரம்பித்தேன். "நெலம மோசம். ஆர்டர் போச்சுன்னா மெஷின் லைன் ஓஞ்சு போகும். ஆனா நாம ஓய மாட்டோம். இது போருங்க. நாம எல்லாம் ஒரே படை. களத்த விட்டுப் போகாதவங்கதான் ஜெயிப்பாங்க." நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தமிழ் தெரியாத வடநாட்டுப் பையன்கள்கூட மற்றவர்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். முதலாளி என் தோளில் கை போட்டார்.

அன்று மதியம் செல்வி என் அறை வாசலில் வந்து நின்றாள். ஓவர்லாக் தையல் மெஷினில் இருப்பவள், உன் ஊர்ப் பக்கம். மகளைத் தன் அப்பாவிடம் விட்டுவிட்டு வந்து இங்கே வேலை செய்கிறாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் பிள்ளையைப் பார்ப்பாள். "சார், நான் வரலன்னா எங்கப்பா கத்துதாரு. நான் சொன்னா புரியல. நீங்க பேசுனத அப்படியே அவருகிட்ட ஒருக்கா சொல்லுங்க சார்" என்று கைப்பேசியை நீட்டினாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட வசதியான இடம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் கைப்பேசியை வாங்கி, முகம் தெரியாத அந்தப் பெரியவருக்கு முழுப் பேச்சையும் பேசினேன். களம், படை, ஜெயிப்பது, எதையும் விடவில்லை. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க எம்புட்டுப் பெரிய ஆளு, எனக்குப் போன் போட்டு வெவரம் சொல்லுதீக. இருக்கட்டும்யா, அவ அங்கயே நிக்கட்டும். பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். செல்வி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு லைன் பக்கம் போனால், "நல்லாப் பேசுனீங்க சார்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அறைக்குள்ளேயே இருந்தேன். நேற்று டீ இடைவேளையில் தாங்க முடியாமல் செல்வியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "ஷிப்மெண்ட்டுக்கு அப்பவே டைம் குடுத்துட்டாங்கம்மா. பேசறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். நீ ஊருக்குப் போயிருக்கலாம்" என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பாரம் குறையும் என்ற சுயநலம்தான். அவள் டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. "இப்ப சொல்லுதீங்களே சார். பஸ்ஸெல்லாம் நெறஞ்சு போயிருக்குமே" என்றாள். கார் பிடித்துத் தருகிறேன் என்று உளறினேன். "போயிட்டு நாளான்னிக்கு யாரு சார் வேலைக்கு வாரது?" என்றாள். பெல் அடித்தது. எழுந்து இரண்டு எட்டு வைத்தவள் திரும்பி, "எங்கப்பாகிட்ட மட்டும் இதச் சொல்லிராதீங்க சார். பெரிய ஆபிசரு எங்கிட்டப் பேசுனாருன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு அலையுதாரு" என்றாள். மெஷினில் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டாள்.

அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு மற்றவர்களிடமும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது, சொல்வேன் என்று எழுதக் கை வரவில்லை.

இஸ்திரி போட்டு முடிப்பதற்குள் கைப்பேசி அடித்தது. செல்வியின் அப்பா. செல்வியிடம் என் எண்ணை வாங்கி, தீபாவளி வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார். என் பேச்சு முழுவதையும் பேத்திக்குக் கதையாகச் சொல்லிவிட்டாராம், இப்போது அழுவதே இல்லையாம். "ஒங்கம்மா யுத்தத்துல நிக்கான்னு சொல்லிருக்கேன்யா. இந்தா, அவகிட்டப் பேசுங்க" என்று கைப்பேசியைக் கொடுத்தார். பின்னால் வெடிச் சத்தம். சின்னக் குரல் ஒன்று முதலில் "ஹேப்பி தீபாவளி சார்" என்றது, யாரோ சொல்லிக் கொடுத்த ஆங்கிலத்தில். அப்புறம் தானாகவே கேட்டது.

"சார், சண்ட எப்ப முடியும்?"

உன் மேல்மாடியில் சிப்பாயாகவும் தாயாகவும் எத்தனையோ பேர் எழுந்து நின்று பதில் சொன்னார்கள். ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாயோ, எனக்குத் தெரியாது. நான் சரியான இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "சீக்கிரம் முடிஞ்சிரும் கண்ணு. நாமதான் ஜெயிப்போம்" என்றேன். நம் வகுப்பிலிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் குரல் ஒன்றுதான். ஒரு குழந்தையிடம் பேசும்போதுகூட அது நடுங்கவில்லை.