மூன்று கோடு விபூதியும் நடு அறையும்

மாப்பிள்ளை,

இன்று காலை உன் மகள் கார்ச் சாவியைத் திருகினாள். ‘டக்’ என்றது. மறுபடி திருகினாள். மறுபடியும் ‘டக்’. ஓசூரில் இப்போது லட்சம் தொழிற்சாலைச் சங்குகள் ஒரே நேரத்தில் ஊதுகின்றன. அத்தனையையும் துளைத்துக்கொண்டு அந்த ஒரு ‘டக்’ என் காதில் வந்து விழுந்தது. அவள் பானட்டைத் தூக்கியதும் அந்த நெடி வந்தது. புளிப்பும் இரும்பும் கலந்த ஆசிட் நெடி. கையில் காபி ஆறிப்போனது.

“பேட்டரி போயிடுச்சு மாமா. கியாரண்டி இன்னும் முடியல. டீலரை இன்னைக்கு ஒரு வழி பண்ணிடறேன்” என்றாள். மெக்கானிக் மத்தியானம் வந்து கழற்றிக்கொண்டு போவானாம்.

அந்த பேட்டரி ஏன் படுத்தது என்பது இந்தப் பூமண்டலத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதைச் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா என்று உன்னிடம் கேட்கத்தான் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நீ என்ன சொல்வாய் என்று தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்.

உன்னுடைய அந்த அமெரிக்க வண்டியை நினைத்துப் பார்க்கிறேன். கார் என்று சொன்னால் அது கோபித்துக்கொள்ளும்; நான்கு சக்கரம் வைத்த அரண்மனை அது. தொரப்பள்ளிப் பக்கத்திலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் வாடகைக்கு ஓட்டினாய். என் தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகும் நமக்குள் நீ, நான்தான். மரியாதையெல்லாம் விருந்தாளிகள் முன்னால் மட்டும். வெள்ளிக்கிழமை வந்தால் வண்டியைக் கழுவி, பானட்டைத் திறந்து, பேட்டரியின் தலையில் விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூன்று கோடு இழுப்பாய். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ஒயர் மாட்டும் ஈயக் கொம்பு இரண்டையும் தொட்டுக்கொண்டு. வண்டிக்கு உயிர் அதில்தான் இருக்கிறது, அதனால் நெற்றியும் அதுதான் என்பது உன் சித்தாந்தம். உன் பேட்டரி முக்தி அடைந்துவிட்டால் நாம் எதை வைத்து வண்டி ஓட்டுவது என்று நான் கேட்பேன். நீ சிரிப்பாயே தவிர, கோட்டை ஓர் அங்குலம் குறைக்கமாட்டாய்.

அந்த வருஷம் என் தங்கை நிறைமாதம். முதல் பிள்ளை மாட்டு வண்டியில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, முகம்கூடச் சரியாகப் பார்க்காமல் போனது. அதைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. ஆனால் அதற்கப்புறம்தான் நீ அந்த வண்டியை வாங்கினாய். ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

சரியாக அந்த நேரம் பார்த்து வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. புது பேட்டரி, பெங்களூரில் வாங்கி மூன்று மாசம்கூட ஆகவில்லை. சாயங்காலம் நன்றாக ஓடும். காலையில் செல்ஃபை அழுத்தினால் ‘டக்’. முன்விளக்கு கெட்டுப்போன முட்டையின் மஞ்சள் கரு மாதிரி மங்கிக் கிடக்கும். வண்டியின் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினாய். இன்ஜின் திருப்பி உதைத்து உன் வலது மணிக்கட்டு சுரைக்காய் மாதிரி வீங்கிற்று. டைனமோதான் கெட்டது என்றேன். இன்ஜின் ஓடும்போது மீட்டர் முள் சார்ஜ் பக்கம் சாய்வதைக் காட்டி என் வாயை அடைத்தாய். வண்டிக்குள் ஏதோ ஒயர் கரண்டைத் தின்கிறது என்றேன். ராத்திரி பேட்டரி ஒயரையே கழற்றி வைத்தாய். காலையில் மாட்டினாய். ‘டக்’. அப்படியானால் நோய் பேட்டரிக்குள்ளேயேதான்.

மருத்துவச்சி தங்கையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்றைக்கும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம் என்றாள். பேட்டரி வாங்கிய பெங்களூர்க் கடைக்கே போவதென்று நீ கியாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு சட்டையை மாட்டினாய்.

ஊரே சேர்ந்து வண்டியைத் தள்ளியது. அந்தக் கூட்டம் கொஞ்சம் மனசு வைத்திருந்தால் கிருஷ்ணகிரி மலையையே மத்தூர் சந்தைக்குத் தள்ளிக்கொண்டு போய் விற்றிருக்கும். இன்ஜின் பிடித்தது, பெங்களூர் போய்ச் சேரும்வரை அதை அணைக்கக் கூடாது. அத்திப்பள்ளி தாண்டி ஓர் எருமை குறுக்கே நின்றபோது, இன்ஜின் ஒருமுறை இருமி, நிற்பதா போவதா என்று யோசித்தது. மாப்பிள்ளை, அந்த ஒரு நொடியில் என் தலைமுடி பாதி நரைத்தது. மீதி பாதி கடை வாசலில் நரைத்தது.

கடை வாசலில் பேட்டரியைக் கழற்றித் தூக்கும்போதுதான் அதன் தலையைப் பார்த்தேன். ஆசிட் ஈரத்தில் ஊறி, பசையாகி, மூன்று கோடும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. துண்டை எடுத்துத் துடைக்கப் போனேன். வீங்கின கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

“விடு மச்சான். இருக்கறது இருக்கட்டும்.”

“இதைப் பாத்தா கியாரண்டியே இல்லைன்னுடுவான்டா. உன் பொண்டாட்டி அங்க படுத்துக் கிடக்கறா.”

“அவ பேரைச் சொல்லிப் பொய்ல ஆரம்பிக்க மாட்டேன்.”

அந்த நிமிஷம் உன்னை அந்த பேட்டரியாலேயே அடித்திருப்பேன். அது கனமாக இருந்ததால் பிழைத்தாய்.

கவுண்டரில் இருந்தவர் கன்னடக்காரர். மெல்லிய உருவம், மூக்குக்கண்ணாடி. மதராஸ் ராஜ்ஜியத்து நம்பர் பலகையைப் பார்த்ததுமே, உங்களுக்கு சேலம் கிளை என்று ஆரம்பித்தார். பக்கத்தில் இருக்கும் பெங்களூரை விட்டுவிட்டு, கண்ணுக்கெட்டாத சேலத்துக்கு! வாங்கினது இங்கேதான் என்று நீ கன்னடத்திலேயே சொல்லி அட்டையை நீட்டினாய். அவர் பேட்டரியைப் பார்த்தார். இதென்ன வெள்ளை என்றார். வெள்ளிக்கிழமை தோறும் நான் வைக்கும் விபூதி என்றாய். என் காதுக்கு அது கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி கேட்டது.

அவர் மீட்டரின் இரண்டு முனையையும் அந்தப் பசையில் வைத்தார். முள் அசைந்தது. இந்தக் கொம்பிலிருந்து அந்தக் கொம்புக்கு நீங்களே பாலம் போட்டிருக்கிறீர்கள் ஸ்வாமி, ராத்திரி பூரா கரண்டு அதன் வழியாகத்தான் நடந்து போயிருக்கிறது, இதற்கு கம்பெனி எப்படிப் பொறுப்பாகும் என்றார். நியாயம்தான். நான் சுவரைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் ஸ்டார்ட்டர் சத்தம் மாதிரியே இருந்தது.

நீ குரலை உயர்த்தவில்லை. “தப்பு என்னுதுன்னா பேட்டரியோட திரும்பிப் போயிடறேன். தொடச்சுட்டு ஒவ்வொரு அறையா ஒருதரம் பாருங்க. வீட்ல பிள்ளத்தாச்சி இருக்கா” என்றாய்.

அவர் உன் மணிக்கட்டைப் பார்த்தார். அப்புறம் பேட்டரியைக் கழுவினார். அந்தக் காலத்து பேட்டரிக்கு உள்ளே மூன்று ஆசிட் அறை. மூடிகளைத் திறந்து, மிதவை வைத்த கண்ணாடிக் குழாயால் முதல் அறையின் ஆசிட்டை உறிஞ்சினார். மிதவை மேலே நின்றது. மேலே நின்றால் அறையில் சார்ஜ் இருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் நன்றாக இருந்தால் குற்றம் விபூதியுடையதுதானே. மூன்றாவது அறை. அதுவும் மேலே. நடு அறையைக் கடைசியாகத்தான் எடுத்தார். மிதவை கல் மாதிரி அடியில் உட்கார்ந்தது. இன்னொரு தடவை உறிஞ்சினார். அப்போதும் எழவில்லை. முள்கரண்டி மாதிரி ஒரு கருவியை நடு அறை மேல் அழுத்தினார். உள்ளே உலை கொதிக்கிற மாதிரி குமிழ் வந்தது.

“விபூதி குடிச்சிருந்தா மூணு அறையும் சேர்ந்தில்ல இளைச்சிருக்கணும்” என்றார் தமிழிலேயே, தனக்குத்தானே சொல்வதுபோல. “நடுவில மட்டும்னா உள்ள தகடு ஒண்ணையொண்ணு தொடுது. இது கம்பெனி தப்பு.”

சார்ஜில் வைத்திருந்த புது பேட்டரியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். மாட்டும்போது உன்னிடம் சொன்னது எனக்கு இன்னும் வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. “இங்க வர்றவங்க எல்லாம் தொடச்சுட்டுத்தான் வர்றாங்க ஸ்வாமி. அதனாலதான் எல்லாரையும் சேலத்துக்குத் துரத்தறேன்.” பிறகு பேட்டரிப் பெட்டியின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டினார். “சாமிக்கு இனிமே இந்த இடம்.”

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எல்லைச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். மதுவிலக்குக் காலம், மைசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவன் ஒவ்வொருவனும் சாராய வியாபாரி. இன்ஜினை அணைக்கச் சொன்னார். நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். அணைத்தாய். டிக்கியைக் கிளறினார்கள், சீட்டைத் தூக்கினார்கள், என் மடியைக்கூடத் தடவினார்கள். சாமி இல்லை என்று சபை சபையாகப் பேசிய நான், அந்த நேரத்தில் பேர் தெரிந்த சாமிகளை எல்லாம் வரிசையில் நிறுத்திக் கும்பிட்டேன். போகலாம் என்றார்கள். செல்ஃபை அழுத்தினாய்.

அரண்மனை ஒரே மூச்சில் எழுந்து நின்றது. விளக்கு இரண்டும் ஓசூர் வரைக்கும் வழியைப் பகலாக்கின.

வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். உள்ளே என் தங்கையின் குரல். நீ இன்ஜினை அணைக்காமல் உள்ளே ஓடி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாய், அந்த வீங்கின கையாலேயே. வழி நெடுக அவள் என் தோளைக் கடித்தாள். தழும்பு இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார். ஆஸ்பத்திரிக்குள் போன கொஞ்ச நேரத்தில் பிறந்தவள்தான் இன்று காலை ‘டக்’ என்ற வண்டியின் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றவள். உன்னைப் போலவே, பேட்டரியின் பக்கவாட்டில், சின்னதாக மூன்று கோடு போட்டிருக்கிறாள். இடம் நீ சொல்லிக்கொடுத்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் நான் என் மூக்குக்கண்ணாடியைத் தேடி அவள் வண்டியின் பின்கதவைத் திறந்தேன். சரியாகச் சாத்தவில்லை. உள்விளக்கு விடிய விடிய எரிந்திருக்கிறது. காலையில் நான்தான் முதலில் பார்த்து, யாருக்கும் தெரியாமல் கதவை அழுத்தி மூடினேன். பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் உன் மகள் டீலரோடு சண்டை போட்டு எப்படியாவது புதிது வாங்கிவிடுவாள். உன் பிடிவாதம் அவளுக்கு. எனக்குத் திட்டும் மிச்சம்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது. மெக்கானிக் வந்துவிட்டான். ஸ்பானர் சத்தமும் கேட்கிறது.

என் மணிக்கட்டை இன்னும் நீ விடவில்லையடா. எழுந்து போகிறேன்.