மேடையில் சூட்டிய பெயர்

11 செப்டம்பர் 2006, திங்கள்

சான்றோரே, தாய்மாரே, தோழர்களே! — இப்படித் தொடங்கினால்தான் என் கை நகர்கிறது. அவை என்று இங்கே ஒன்றுமில்லை. ஓசூரில் இரண்டறை வாடகை வீடு; நான்; மேசை மேல் ஒரு கடிதம். முறையீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி என்னைவிட்டுப் போய் இருபது நாளாகிறது. மகள் பொற்கொடியையும் அழைத்துக்கொண்டு, தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்துச் சிற்றூரில் தன் தாய் நாகம்மாவின் வீட்டில் இருக்கிறாள். அடித்தேனா? இல்லை. குடித்தேனா? இல்லை. வேறொருத்தியை ஏறெடுத்துப் பார்த்தேனா? இல்லவே இல்லை. பிறகு எதற்காக?

கடிதம் கிருஷ்ணகிரியிலுள்ள குடும்ப ஆலோசனை மையத்திலிருந்து வந்தது. "மனுதாரர் ஜெயப்ரியா" என்று முதல் வரி. யார் இந்த ஜெயப்ரியா, முகவரி மாறி வந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். பதினோராண்டாக அவள் எனக்கு வெற்றிச்செல்வி.

எதிர்மனுதாரர்: ராஜப்பன். அதுவும் நான்தான். அரசெழிலன் ஆவதற்கு முன்பிருந்த நான்.

14 செப்டம்பர், வியாழன்

"அண்ணி ஊருக்காண்ணே?" என்று தொழிற்சாலையில் ஒருவன் கேட்டான். மாமியாருக்கு உடல்நலமில்லை என்றேன். வாய்மையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் மேடையில் முழங்குகிற வாய் இது.

20 செப்டம்பர், புதன்

முதல் அமர்வு முடிந்தது.

தொழிற்சங்கத்தில் எனக்குப் பதினைந்தாண்டுப் பழக்கம். நிருவாகத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போகிறவன் கோரிக்கைப் பட்டியலோடு போக வேண்டும். பட்டியல் இல்லாதவன் பாதி தோற்றவன். ஆகவே பதினொரு கோரிக்கைகளை எழுதி, இரண்டு படிகள் எடுத்து, அடியில் கையொப்பத்துக்கு இடமும் விட்டுக் கொண்டுபோனேன்.

ஆலோசகரின் பெயர் சரோஜம்மாள். அறுபது வயதிருக்கும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பட்டியலைப் படித்தார்.

"இது என்னாங்க, போனஸ் கேக்க வந்தீங்களா?"

என் மனைவி சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! ஆனால் அந்தச் சிரிப்பு அந்த அம்மாவுக்கானது, எனக்கன்று.

"நாலாவது — இல்லத்தில் தமிழ் மட்டுமே ஒலிக்கும் நடைமுறை தொடர வேண்டும். இது என்னா நடைமுறைங்க?"

எழுந்து நின்று விளக்கினேன். எல்லையோர ஊரில் சந்தையும் பிறமொழிக்குப் போய்விட்டது, பேருந்து நிலையமும் போய்விட்டது. வீடு ஒன்றுதான் மொழிக்குக் கடைசி அரண். அரணில் ஒரு கல் பெயர்ந்தாலும் — என்னையறியாமல் வலக்கை உயர்ந்துவிட்டது.

"ஒக்காருங்க சார். இங்க மைக் இல்ல. மூணு பேருதான் இருக்கறோம், கேக்குது."

ஒன்றை இதுவரை எழுதாமல் ஒளித்தேன். எழுதிவிடுகிறேன். அவளுடைய தாய்மொழி தெலுங்கு.

21 செப்டம்பர், வியாழன்

வெளிநடப்பு செய்திருக்க வேண்டும். ஏன் செய்யவில்லை? வெளிநடப்பு செய்தால் எங்கே போவேன் — இதே வீட்டுக்குத்தானே?

4 அக்டோபர், புதன்

"உன்ன எப்பிடிம்மா கூப்பிடட்டும்? மனுவுல ஒரு பேரு இருக்குது, அவரு ஒரு பேரு சொல்றாரு" என்று சரோஜம்மாள் கேட்டார்.

"ஜெயப்ரியாங்க. எங்கப்பா வெச்சது."

"இவரு எப்ப மாத்துனாரு?"

"கல்யாணத்தன்னிக்கி. மேடையில. மைக்ல சொன்னப்பதாங்க எனக்கே தெரியும்."

உண்மைதான். எங்கள் தமிழ் மன்றத்தின் வழக்கம் அது. ஐயரில்லை, தீயில்லை, மாலை மாற்றி, உறுதிமொழி படித்து, வடமொழிப் பெயரிருந்தால் அதை அவையறியத் தமிழாக்குவோம். என் திருமணத்தில் நானே ஒலிவாங்கியைப் பிடித்து, "இன்று முதல் இவர் வெற்றிச்செல்வி!" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. அந்தக் கைதட்டல் இப்போதும் காதில் இருக்கிறது. அப்போது அவள் முகம் எப்படியிருந்தது? நினைவைப் பிடித்து உலுக்கிப் பார்க்கிறேன். வரவில்லை. நான் அவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மன்றச் செயலாளர் கோவிந்தப்பனுக்கும் ஒரு பெயர் தேர்ந்து வைத்திருந்தோம். "எங்க தாத்தா பேருய்யா, உடுய்யா" என்றார். விட்டுவிட்டோம். அவரைக் கேட்டோம், அதனால் அவர் சொன்னார். அவளைக் கேட்கவில்லை.

15 அக்டோபர், ஞாயிறு

கோவிந்தப்பன் அழைப்பிதழின் மெய்ப்பைக் கொண்டுவந்தார். எங்கள் தொழிற்சாலைத் தம்பி சுபாஷுக்கும் லாவண்யாவுக்கும் நவம்பர் 26 அன்று திருமணம். "அரசெழிலன் – வெற்றிச்செல்வி இணையர் தலைமையில்." தலைமை ஏற்பவர் இணையராக மேடையேறி மாலை எடுத்துக் கொடுப்பதும் எங்கள் வழக்கமே. இப்படி முப்பத்தேழு திருமணங்களுக்கு நாங்கள் நின்றிருக்கிறோம். முப்பத்தேழு முறை இல்லறம் எப்படி நடத்துவது என்று பேசியிருக்கிறேன்.

"தங்கச்சி எங்கய்யா, சத்தமே காணோம்?"

"ஊருக்குப் போயிருக்கிறார்."

"இருபத்தாறுக்கு வந்துரும்ல?"

"வந்துவிடுவார்."

சொல்லியாயிற்று. அச்சுக்கும் போய்விடும். அவள் வராவிட்டால் நான் மேடையேற முடியாது. மேடையேறாவிட்டால் ஏன் என்று ஊர் கேட்கும். உள்ளே தாழ்ப்பாளைப் போட்டதும் நானே, வெளியே பூட்டியதும் நானே.

18 அக்டோபர், புதன்

இன்று பட்டியல் கொண்டுபோகவில்லை. தாழ்ந்த குரலில் பேசினேன். உன் தாய் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தொலைபேசியில் எந்த மொழியிலும் பேசு. நீ பேசும்போது திருத்த மாட்டேன். சரோஜம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவள் தலைகுனிந்திருந்தாள். நெஞ்சு இளகுகிறது என்று எனக்குத் தோன்றியது.

"யோசிக்கறங்க" என்றாள்.

"நவம்பர் இருபத்தாறுக்குள் வந்துவிட்டால் நல்லது."

அந்த நாக்கை என்ன செய்வது?

"இருபத்தாறு என்னா?" தலை நிமிர்ந்தது. விரல்விட்டு எண்ணினாள். "ஞாயித்துக்கெழம. யாருக்குக் கல்யாணம்?"

"சுபாஷுக்கு" என்றேன்.

"மேடையில பக்கத்துல நிக்க ஆளு வேணும். அதுக்குத்தான் இவ்ளோ எறங்கி வந்தீங்களா? ஒரு கட்அவுட் வெச்சிக்குங்களேன். அது கால் வலிக்குதுன்னும் சொல்லாது, தெலுங்கும் பேசாது."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சரோஜம்மாள் சொன்னார்: "தேதிய மட்டும் சொல்லாம இருந்திருந்தா சார், நானே ஏமாந்துருப்பன்."

ஏமாத்தல. சத்தியமா ஏமாத்தல. அவளும் வேணும், மேடையும் வேணும். ரெண்டும் வேணும்னு நெனச்சது தப்பா? எது முன்னாடி வேணும்னு யாராவது கேட்டா என்ன சொல்லுவன்? கேக்காதீங்க.

22 அக்டோபர், ஞாயிறு

மன்றத்தார் தீபாவளி கொண்டாடுவதில்லை. பொற்கொடி தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, நேத்து மத்தாப்பு கொளுத்துனன். அம்மா திட்டல. நீ திட்டுவியா?" கேட்டதும் வைத்துவிட்டாள்.

1 நவம்பர், புதன்

அவள் வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்தேன்.

சரோஜம்மாள் ஒரு விதி வைத்தார். "இன்னைக்கி அவ பேசட்டும், அவளுக்கு எது வருதோ அதுல. எனக்கும் தெலுங்கு தெரியும். இருவது நிமிசம். நீங்க வாயத் தெறக்கக் கூடாது, எழுதக் கூடாது. தலைகூட ஆட்டாதீங்க."

இருபதாண்டு இந்த ஊரில் வாழ்ந்தவனுக்குத் தெலுங்கு புரியாதா? புரியும். ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, அவ்வளவே.

நான் அறிந்த பெண் அவள் இல்லை. வேகமாகப் பேசினாள். கையை ஆட்டினாள். என் மேடைக் குரலை நடித்துக் காட்டினாள். சரோஜம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கே சிரிப்பு வந்தது, விதி தடுத்தது. இத்தனை வேடிக்கைக்காரியோடா நான் பதினோராண்டு ஊமை வீட்டில் வாழ்ந்தேன்?

பிறகு மெதுவாகச் சொன்னாள். வீட்டில் ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன் மனத்துக்குள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இது அவருக்கு ஆகுமா என்று பார்ப்பாளாம். பார்த்து முடிப்பதற்குள் நான் பேசத் தொடங்கியிருப்பேனாம். அதனால் பேசுவதையே விட்டுவிட்டாளாம்.

கடைசியாக அவள் தந்தையின் சாவு. மூன்றாண்டுக்கு முன்பு. உடலை எடுப்பதற்கு முன் நான் எழுந்து நின்று இரங்கலுரை ஆற்றினேன். நாற்பது நிமிடம். என் நல்ல உரைகளில் ஒன்று என்று இதே குறிப்பேட்டின் பழைய தாளில் எழுதியும் வைத்திருக்கிறேன். அவள் சொன்னாள்: அங்கிருந்த என் சொந்தக்காரர்களுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உரை நடக்கும்போது ஒப்பாரி வைக்கக் கூடாது என்று பெண்களை யாரோ அடக்கினார்கள். உரை முடிந்தது, தூக்கிவிட்டார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அழ எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

"சாலு" என்றாள். போதும் என்று பொருள். இருபது நிமிடத்தில் இன்னும் நான்கு மீதமிருந்தன.

"இப்ப நீங்க சொல்லுங்க சார்."

மீதி நான்கு நிமிடமும் அவருக்கே என்றேன். வாழ்நாளில் முதல்முறை.

12 நவம்பர், ஞாயிறு

சுபாஷை அழைத்துக் கேட்டேன்: "லாவண்யாவின் பெயரை மேடையில் மாற்றப் போகிறோமே, அவரைக் கேட்டீர்களா?"

"கேக்கலீங்கண்ணே. மேடையில சொன்னா சரின்னுருவா."

சரி என்றுதான் சொல்லுவாள். நானூறு பேர் கைதட்டும்போது வேறு என்ன சொல்ல முடியும்?

"கேட்டுவிட்டுச் செய்யுங்கள்" என்றேன். "ஏண்ணே, எதாச்சும் பிரச்சினையா?" என்றான். இல்லை என்றேன். இன்னும் ஒரு பொய்.

19 நவம்பர், ஞாயிறு

கோவிந்தப்பனின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். என் மனைவி என்னோடு இல்லை. மேடைக்கு வரமாட்டார். நானும் வரவில்லை.

"யோவ், என்னாய்யா சொல்ற? பத்திரிக்க ஊரெல்லாம் குடுத்தாச்சி. ரெண்டு மணி நேரம்யா! கால்ல உழுந்தாவது கூட்டியாந்து நிக்க வெய்யி. அப்பறம் உங்க சண்டைய நீங்க வெச்சிக்குங்க."

ஒரு மாதத்துக்கு முன்பு என் திட்டமும் அச்சொட்டாக இதுவே. இன்னொருவர் வாயில் கேட்கும்போது எவ்வளவு அருவருப்பாக இருக்கிறது!

"முடியாது" என்றேன்.

"அப்ப முப்பத்தேழு கல்யாணத்துல நீ பேசுனதெல்லாம்?"

அந்தக் கேள்வியோடு நடந்தே வீடு வந்தேன். நாளைக் காலைப் பணிமுறைக்குள் தொழிற்பேட்டை முழுவதும் தெரிந்துவிடும்.

26 நவம்பர், ஞாயிறு

கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். பத்தரைக்கு மாலை மாற்றியிருப்பார்கள். வெளியே போனால் கேட்பார்கள். உள்ளே இருந்தால் நானே கேட்கிறேன். சோறு வடித்தேன்; இருவர் உண்ணும் அளவு வடித்துவிட்டேன்.

29 நவம்பர், புதன்

ஐந்தாம் அமர்வு. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "உனக்கு என்ன வேண்டும்?"

அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். "தெரியலீங்க. யாரும் கேட்டதில்ல, அதனால நானும் யோசிச்சி வெக்கல."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். இப்போதைக்கு ஓசூருக்கு வரமாட்டாள். மணவிலக்கும் இப்போதைக்குக் கேட்கமாட்டாள். பொற்கொடி அங்கேயே படிக்கட்டும். இப்போதைக்கு, இப்போதைக்கு — அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பேருந்தில் வந்தேன்.

அவள் போன பிறகு சரோஜம்மாளிடம் கேட்டேன்: "இந்த ஆலோசனை எங்கள் திருமணத்தைக் காப்பாற்றுமா, அம்மா?"

"காப்பாத்தறதுக்கு நான் யாருங்க? ஒரே ரூம்புல ஒக்கார வெச்சி, ஒருத்தரு சொல்றத ஒருத்தரு கேக்க வெப்பன். அதுக்கு மேல இங்க ஒண்ணும் இல்ல. மிச்சம் நீங்க இங்கருந்து போயி என்னா பண்றீங்களோ அதுதான்."

அடுத்த அமர்வு சனவரியில். ஐந்து வாரம்.

3 டிசம்பர், ஞாயிறு. காலை ஆறே முக்கால்

சற்று முன்புதான் தொலைபேசி அடித்தது. அவளே பேசினாள். பொற்கொடியைக் கொண்டு பேசவைக்கவில்லை.

"இன்னைக்கி வேல இருக்குதா?"

"இல்லை. ஞாயிறு."

"எங்கம்மா காட்டுல யானைங்க எறங்கிருச்சி. பாதி ராகி போச்சி. மிதிச்சது போவ நிக்கறத இன்னைக்கே அறுத்தாவணும், பொழுது சாஞ்சா திருப்பியும் வரும். ஊர்ல எல்லாரும் அவங்கவங்க காட்டுல நிக்கறாங்க. ஆளு கெடைக்கல." பிறகு கேட்டாள்: "அறுக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"காமிச்சித் தர்றன். வந்தா வாங்க. இதுக்காக நான் அங்க திரும்பி வந்துருவன்னு நெனச்சிக்காதீங்க."

"நினைக்கவில்லை."

"அப்பறம் — அங்க எல்லாரும் தெலுங்குதான் பேசுவாங்க."

"பேசட்டும்."

வைத்துவிட்டாள்.

ஊரறிந்த பேச்சாளன் மாமியாரின் கேழ்வரகுக் காட்டில் குனிந்து கதிர் அறுப்பதைப் பார்த்து அந்த ஊரே சிரிக்காதா? சிரிக்கும். கதிரை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் கையைக் கிழித்துக்கொள்ள மாட்டேனா? கிழித்துக்கொள்வேன். மாலையில் அவள் அங்கேயே இருப்பாள், நான் மட்டும் கடைசிப் பேருந்தில் இந்தப் பூட்டிய வீட்டுக்குத் திரும்புவேன் அல்லவா? ஆம், திரும்புவேன். ஒன்றும் மாறாமலே போகலாம்.

இதை எழுதும் நேரத்தில் இரண்டு கட்டு அறுத்திருக்கலாம். தேன்கனிக்கோட்டைப் பேருந்து ஏழே காலுக்கு. என்ன சொல்வது என்று எண்ணிப் பார்க்காதே. குறிப்பேட்டை மூடு. பழைய சட்டையைப் போடு. பொழுது சாய்வதற்குள் காடு அறுபட வேண்டும். எழு! இப்போதே போ!