அணைக்காத போன்

அன்புள்ள அம்மாவுக்கு,

இருமல் விட்டது, நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இந்த வருடமும் ஊருக்கு வர விடுப்பு இல்லை. அதற்குப் பதில் மேலாளர் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார். “சின்னச் சின்ன சந்தோஷத்த ரசிக்கக் கத்துக்குங்கப்பா. ஒண்ணு எழுதிக் குடுங்க.” பட்டினி கிடப்பவனுக்குப் பசியின் அருமையைச் சொல்ல வந்த ஞானி! ‘லிஃப்ட் கெட்டதால் நீங்கள் ஆறு மாடி மூச்சிரைக்க ஏறியதைப் பார்த்தது’ என்று அவருக்கே எழுதிக் கொடுத்தேன். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை.

உண்மையான சந்தோஷத்தை அந்த ஆளுக்கா கொடுப்பேன்? என்னோடு போனில் பேசி முடித்ததும் “வச்சிடறேன்டா” என்பீர்கள்; ஆனால் போனை அணைக்க மறந்துவிடுவீர்கள். பிறகு அப்பாவிடம் கத்துவது கேட்கும்: “ஒரு ஃபேன நிறுத்தத் தெரியாதா உங்களுக்கு?” மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போனை அணைக்க அண்ணன் சொல்லித்தர வந்தால் கற்றுக்கொள்ளாதீர்கள்.

ஷிஃப்ட் மணி அடிக்கிறது.

உங்கள் சின்னவன்