பள்ளக் காணியில் வெட்டிய பங்கர்

22 ஒக்டோபர் 1992, வியாழன் இரவு
வெள்ளவத்தை

ஊரில் அக்காவின் பக்கத்து வீட்டுச் செல்வம் இன்று கொழும்புக்கு வந்துவிட்டான். லொட்ஜில் போய்ப் பார்த்தேன். அக்கா குடும்பம் சுகம் என்றான். பிறகு, குண்டுவீச்சுக்குப் பதுங்க வெட்டிய பங்கர் கதை வந்தது.

"எங்க வெட்டினாலும் ஒரு முழத்தில கல்லு, மாஸ்டர். உங்கட பள்ளக் காணிக்கதான் மண் ஆழம். அங்க வெட்டியாச்சு. நடுவில இருந்த ஓட்டைக்க பிள்ளையள் விழுந்திடுங்கள் எண்டு அதையும் கல்லுப் போட்டு அடைச்சுப்போட்டினம்."

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான பள்ளம் அது. சுற்றுக் காணிகளின் மழைத்தண்ணீர் முழுவதும் அங்கேதான் வடியும். அந்த மண்ணே தண்ணீர் கொண்டுவந்து சேர்த்ததுதான். வாய்க்கால் கிடையாது; தண்ணீர் வெளியேற அந்த ஓட்டை ஒன்றுதான் வழி. இதைத்தான் வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்து படிப்பிக்கிறேன்.

ஊருக்குத் தொலைபேசி இல்லை. கடிதம் போய்ச் சேருமுன் மாரி தொடங்கிவிடும். சேர்ந்தாலும், வேறெங்கே வெட்டு என்று எழுதுவது?

"மழை தொடங்கினாப் பயமில்லை, மாஸ்டர். மழைக்குக் குண்டு போடுற பொம்மர் வராது" என்றான் செல்வம், நான் எழும்பும்போது.

பீரங்கி ஷெல் மழையிலும் வரும். அப்போது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அக்கா அந்தப் பங்கருக்குள்தான் இறங்குவாள்.