ஒண்டிக்கட்டை நத்தைக்கு வரன் தேடிய கதை

ஜூலை 3

இன்று என்னை நம்பி ஒரு கல்யாணப் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ஒரு நத்தை.

அக்கா மகள் பாப்பா வேலை செய்யும் ஆராய்ச்சிக் கூடத்தில் அது கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக இருக்கிறது. அந்த இனத்தில் எல்லாவற்றுக்கும் ஓடு வலப்பக்கம் சுற்றுமாம், இதற்கு மட்டும் இடப்பக்கம். அதனால் மற்றவற்றோடு சேர முடியாது. "வலது செருப்பை இடது கால்ல மாட்டுற மாதிரி மாமா, பொருந்தாது" என்றாள். இதே மாதிரி இன்னொன்று வேண்டும். மாதக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் பேராசிரியை அம்மா இந்த ஆராய்ச்சியை மூடிவிடுவார். பாப்பாவின் இரண்டு வருஷ உழைப்பு அம்பேல்.

நத்தைக்கு ஒண்டிக்கட்டை என்று பெயர் வைத்திருக்கிறாள். சொல்லும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. கழுதை.

"ஆணா, பொண்ணா?" என்றேன்.

"ரெண்டும்தான் மாமா. இந்த நத்தை எல்லாமே அப்படித்தான்."

ஆஹா! மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்ற சண்டையே இல்லாத கல்யாணம்!

பெட்டியைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போடாததால் ஏதோ பழுப்பாகத் தெரிந்தது. எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். "இடம்புரிதானே? பக்கெட் நிறையக் கொண்டு வரேன்!"

பின்னே? கடற்கரைச் சங்குக் கடையில் இருபது வருஷம் நின்றவன் நான் (பதினொன்று என்பாள் அக்கா, அவளுக்குக் கணக்கு வராது). வலம்புரிக்குத்தான் பஞ்சம். இடம்புரி தடுக்கி விழுந்தால் கிடைக்கும். படித்தவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது!

வீட்டில் அத்தான் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "மாப்ளே, உன் பேச்சுல முக்கால்வாசியை வெட்டிட்டுத்தான் தைக்கணும்."

ஜூலை 5

விடிய விடிய மழை. விடிந்ததும் வேட்டைக்குப் புறப்பட்டேன். காடு, மேடு, இடுப்பளவு சேறு. ஒரு பாம்பு படமெடுத்தது. நான் முறைத்தேன். அது போய்விட்டது.

(சரி. செடிக்கடைக்குப் பின்னால் இருக்கும் ஈரச் சுவர்தான். ஆனால் பாம்பு இருந்திருக்கலாம்.)

இருநூறு இடம்புரி! ஓட்டின் கூர்முனையைக் கீழே பிடித்து, வாயை என் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் வாய் இடப்பக்கம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வலப்பக்கம். வலம்புரி! பாப்பா கேட்டது அதுவல்ல. அதனால் அதைச் செடிக்கடை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். பேரம் பேசினால் கடித்துக் குதறுகிற பெண்மணி, ஆனால் சிரித்தால் கடையே பூக்கும். "நடுக்கடல் தீவுலருந்து கொண்டு வந்தேன், உயிரைப் பணயம் வச்சு" என்றேன்.

நம்பினாளா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 6

ஐயோ.

பாப்பா பக்கெட்டைப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்று. இன்னொன்று.

"மாமா, இனம் சரிதான். ஆனா இது அத்தனையும் வலது."

"யார்கிட்ட சொல்றே? வாயைப் பாரு, இடப்பக்கம்!"

என் கையிலிருந்ததை வாங்கி அப்படியே தலைகீழாகத் திருப்பினாள். வாய் அந்தப் பக்கம் போய்விட்டது!

"நாங்க கூர்முனையை மேலே வச்சுத்தான் பார்ப்போம் மாமா."

சங்குக் கடையில் கூர் கீழே. அவர்கள் படிப்பில் கூர் மேலே. நம்ம இடம்புரி அவர்களுக்கு வலது. அப்படியென்றால் நம்ம வலம்புரி... அட கடவுளே, நான் என்ன பண்ணித் தொலைச்சேன்? கையில கிடைச்சதைக் கொண்டுபோய்த் தானம் பண்ணிட்டேனே! பாப்பா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "விடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, அந்த நத்தைகளை ஒவ்வொன்றாகப் பக்கெட்டில் திரும்ப வைத்தாள். அறுபத்தொன்று இருந்தன. இருநூறு இல்லை.

ஜூலை 7

கடை திறப்பதற்குள் போய் நின்றேன். அது உயிரோடுதான் இருந்தது. ஜாம் பாட்டிலுக்குள் ஈர மண், மேலே கீரை.

"நல்லா சாப்பிடுது. உங்களை மாதிரி தொணதொணன்னு பேசறதும் இல்லை" என்றாள்.

"அது... திரும்ப வேணும்."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்க வெக்கமா இல்ல?"

தீவின் ராஜா ஆள் அனுப்பியிருக்கிறார் என்று ஆரம்பித்தேன். அவள் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். பாப்பா நத்தைகளைத் திரும்ப வைத்தது கண்ணுக்குள் வந்து நின்றது. சொல்லிவிட்டேன். தீவு இல்லை, கடல் இல்லை, உன் கடைப் பின்சுவர்தான், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். ஒண்டிக்கட்டையின் கல்யாண விஷயத்தையும் சொன்னேன். உண்மை வெளியே வருவதற்குள் மீன்முள் மாதிரி தொண்டையைக் குத்தியது.

"என் சுவத்துல பிடிச்சதை எனக்கே பரிசாக் குடுத்தீங்களா?"

"ஆமா."

சிரித்தாள் பாருங்கள்! ரோஜாத் தொட்டி ஒன்று சரிந்து விழுந்து உடைந்தது. அதற்கும் சிரித்தாள். பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, "கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிடணும்" என்றாள்.

ஓடினேன். சைக்கிளை அங்கேயே மறந்துவிட்டேன்.

ஜூலை 8

பாப்பா கூர்முனையை மேலே வைத்துப் பார்த்தாள். வாய் இடப்பக்கம். கூடத்தில் எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டாள். எழுத வரவில்லை.

ஜூலை 11

ஒன்று பெட்டியின் கூரையில், மற்றது தரையில். முகம் கொடுத்தே பேசவில்லை.

ஜூலை 12

அதேதான். அத்தான், "ஜாதகம் பார்த்தியா மாப்ளே?" என்கிறார்.

ஜூலை 14

செடிக்கடை அம்மா வந்தாள், ஒரு கைப்பிடி இளங்கீரையோடு. நாங்கள் இருவரும் பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். பதினொரு மணிக்குக் கூரைக்காரர் இறங்கினார். கொம்பால் கொம்பைத் தொட்டார். நான் எழுந்து கத்தப் போனேன், அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "பயமுறுத்தாதீங்க." மூன்று மணி நேரம்! இந்த முறை நிஜமாகவே மூன்று மணி நேரம், சுவர்க் கடிகாரம் சாட்சி.

ஜூலை 29

முட்டை!!! மண்ணுக்குள் ஜவ்வரிசி மாதிரி! பேராசிரியை அம்மா குனிந்து பார்த்தார். "மூட வேண்டாம், தொடரலாம்" என்றார். பாப்பா வெளியே ஓடிப்போய் நடைபாதையில் குதித்தாள். நானும் குதித்தேன். முட்டி பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 19

குஞ்சுகள் வந்துவிட்டன. கடுகு மாதிரி ஓடு. கண்ணாடி போட்டு, கூர்முனையை மேலே வைத்துப் பார்த்தேன். எல்லாம் வலது. ஒன்றுகூட இடது இல்லை. தெரு முழுக்க இடது குஞ்சு வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேனே!

பாப்பா சிரிக்கிறாள். "இதுங்களோட பிள்ளைங்க காலத்துலதான் தெரியும் மாமா. பேரன் பேத்தி வரைக்கும் பொறுக்கணும்." அதுவரை தினமும் யாராவது எண்ணி எழுத வேண்டுமாம். கூட்டாமல், குறைக்காமல். நோட்டை என்னிடம் நீட்டினாள்.

என்னிடம்!

ஆகஸ்ட் 20

காலை எட்டு மணி. முப்பத்தாறு. ஒன்று குறைகிறது.

எட்டே கால். மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தேழு.