பிள்ளை என்ன சொல்லுது?

மேலகரம்
14-7-1982

அன்புள்ள அத்தானுக்கு,

குழல்வாய்மொழி எழுதிக்கொள்வது. உங்கள் கடிதமும், அதோடு வல்லிக்கு நீங்கள் போட்டு அனுப்பிய கால அட்டவணையும் கிடைத்தன. சொன்னபடி அவள் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியாயிற்று. நாலரைக்கு எழுந்துவிடுகிறாள். ஐந்தரைக்குத் தென்காசியில் பிசிக்ஸ் டியூஷன், பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் கெமிஸ்ட்ரி. வீட்டுக்கு வரும்போது முகம் வெளிறிப்போயிருக்கிறது.

சாரல் நன்றாக விழுகிறது. துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது. வெளியூர்க்காரர்கள் வேன் வேனாகக் குற்றாலம் போகிறார்கள். இத்தனை பக்கத்தில் இருந்தும் இந்த சீசனில் நாங்கள் ஒரு நாள்கூடப் போகவில்லை. கூப்பிட்டால், "அப்பா கோவப்படுவாக, படிக்கணும்" என்கிறாள்.

ஒரு விஷயம், பயப்பட வேண்டாம். நேற்று தலை பின்னும்போது உச்சியில் நாலணா அகலத்துக்கு முடியே இல்லை. புழுவெட்டு என்று பாலாம்பாள் மதினி சொன்னாள். சின்ன வெங்காயம் தேய்த்துவிடுகிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போன தடவை இருமல் என்று எழுதினீர்கள், இந்தத் தடவை அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தங்கள்
குழல்வாய்மொழி

மனாமா, பஹ்ரைன்
3-8-1982

அன்பு குழலுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. வெயில்தான் ஆளைக் கொல்கிறது.

முடியைப் பற்றிக் கவலைப்படாதே. முடி திரும்ப வளரும், போன மார்க் திரும்ப வராது. இந்த ஆஸ்பத்திரி ஸ்டோரில் ஒன்பது வருஷமாகப் பஞ்சும் ஊசியும் எடுத்துக்கொடுக்கிறேன். நேற்றுப் படித்து வந்த பையன் கழுத்தில் குழாயைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாலும் நான் எழுந்து நிற்க வேண்டும். என் மகளைப் பார்த்து நாலு பேர் எழுந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இங்கே கிடக்கிறேன். இங்குள்ளவர்கள் இப்போதே என்னை 'டாக்டரம்மா அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இந்த ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல். அருவி எங்கும் ஓடிப்போகாது.

உன் அன்பு
நாறும்பூநாதன்

மேலகரம்
22-9-1982

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள்.

வெங்காயம் தேய்த்தும் வழுக்கை பெரிதாகிக்கொண்டே போனது. தென்காசியில் டாக்டர் கணபதிசுப்பிரமணியனிடம் கூட்டிப் போனேன். அவர் தலையை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, வல்லியை வெளியே உட்காரச் சொன்னார். "இது புழுவெட்டு இல்லம்மா. புழுவெட்டுன்னா வழுவழுன்னு இருக்கும். இங்கன முடி அரையும் குறையுமா முறிஞ்சு நிக்கு. பிள்ளை தானே பிச்சு எடுக்குது. மருந்து எழுத ஒண்ணுமில்ல. அவள வையாதீங்க. நல்லாத் தூங்க விடுங்க. மனசுல என்ன கிடக்குன்னு மெள்ளக் கேளுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் சுவாலஜிப் புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் முடி. நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "எனக்கே தெரியாம கை போவுதும்மா. படிச்சது மறந்து போச்சோன்னு நினைச்சா உடனே போவுது. அப்பாட்ட சொல்லிராத" என்றாள்.

அவள் கேட்டுக்கொண்டதை மீறித்தான் எழுதுகிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கேட்காமல் காலை டியூஷனை நிறுத்திவிட்டேன். அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். ஆறரை வரை தூங்குகிறாள்.

தங்கள்
குழல்வாய்மொழி

மனாமா
12-10-1982

குழலுக்கு,

உன் கடிதம் பார்த்தேன். பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது டியூஷனை நிறுத்த உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஒரு டாக்டர் ஏதோ சொன்னாராம், நீ உடனே எல்லாவற்றையும் கலைத்துவிட்டாய். படிக்கச் சங்கடப்படும் பிள்ளைகள் ஆயிரம் சாக்கு கண்டுபிடிக்கும். கையைச் சும்மா வைத்திருக்கச் சொல். முடியாவிட்டால் ஆய்க்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டுவிடு, பிய்க்க முடி இருக்காது.

அவளுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். கொடுத்துவிடு. டியூஷனை நாளையே தொடங்கு.

நாறும்பூநாதன்

மேலகரம்
2-11-1982

அத்தானுக்கு,

வல்லிக்கு நீங்கள் எழுதிய தாளை நான் அவளிடம் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் உங்கள் சொல்லை நான் தட்டியதில்லை. இதில் தட்டுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று மத்தியானம்தான் தெரிந்தது. சிநேகிதி மெஹர் பானு ஓடிவந்து சொன்னாள். எங்கெங்கோ தேடினேன். ஐந்தருவி போகும் பாதையில், யூனிபாரத்தோடு ஒரு மதகுமேல் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே பேசினாள்.

"யம்மா, நான் இல்லேன்னா அப்பா ஊருக்கு வந்துருவாக, இல்ல?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்படின்னா என்னட்டி அர்த்தம்?" என்று கேட்டேன். "அர்த்தம்லாம் இல்ல. எனக்காவத்தான அங்கன கிடக்காக. என்னால டாக்டருக்குப் படிக்க முடியாதும்மா. முடியும்னு சொல்லிச் சொல்லி எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "வேற என்னதான் ஆவணும்?" என்றேன். "தெரியாது. அதக் கேட்டாலும் கை போவுது" என்றாள்.

அன்றிலிருந்து அவளோடுதான் படுக்கிறேன். தனியாக விடுவதில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை டாக்டரிடம் போய்வருகிறோம். அவர் படிப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை, அவளைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அத்தான், எனக்கு டாக்டர் மகள் வேண்டாம். மகள் வேண்டும்.

குழல்வாய்மொழி

மனாமா
25-11-1982

அன்பு குழலுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். முதல் நாள் உன்மேல்தான் கோபம் வந்தது. மறுநாள் ஸ்டோரில் ஊசி டப்பாவை எண்ணும்போது எண்ணிக்கை விட்டுப்போய், திரும்ப எண்ணி, திரும்ப விட்டுப்போய், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே சமையல்கட்டில் மைதீன் என்று கடையநல்லூர்க்காரர் இருக்கிறார். என்னைப் பார்த்து என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதியது, டாக்டர் சொன்னது, நான் எழுதியது, எல்லாம். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அது சரி அண்ணாச்சி, பிள்ளை என்ன சொல்லுது?"

குழலு, அவளுக்கு நான் எழுதிய கடிதங்களை நினைத்துப் பார்த்தேன். எத்தனை மார்க், எத்தனையாவது ராங்க், எத்தனை மணிக்கு எழுந்தாய். ஒன்பது வருஷத்தில், லீவில் வந்தபோதும்கூட, இவைதான் கேட்டிருக்கிறேன். அவளுக்கு எந்தப் பலகாரம் பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் விட்டுவந்தபோது எட்டு வயது. அப்போது அதிரசம் பிடிக்கும்.

நீ அந்தத் தாளைக் கொடுக்காமல் இருந்ததற்கு உன் காலைத் தொட்டுக் கும்பிடலாம். அதைக் கிழித்துப் போட்டுவிடு. இதோடு வேறொரு தாள் வைத்திருக்கிறேன். முதலில் நீ படித்துப் பார். சரியாக இருந்தால் மட்டும் கொடு. மார்க் என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
நாறும்பூநாதன்

மேலகரம்
16-6-1983

அன்புள்ள அத்தானுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. ஆயிரத்து இருநூறுக்கு எழுநூற்று முப்பத்தொன்று. எல்லாவற்றிலும் பாஸ். தாவரவியலில் மட்டும் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது. மார்க்கை எழுதாதே என்று சொல்லியிருந்தீர்கள், இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

உச்சியில் முடி வந்துகொண்டிருக்கிறது. சில நாள் இன்னும் கை போகிறது. போனால் ஒளிக்காமல், "யம்மா, இன்னிக்குப் போச்சு" என்று சொல்கிறாள். நானும், "சரி, வா, காபி போடுதேன்" என்கிறேன். அவ்வளவுதான்.

இப்போது அவள் ஒன்று கேட்கிறாள். "ஒரு வருஷம் எதுலயும் சேராம இருக்கட்டா?" என்கிறாள். பாலாம்பாள் மதினிக்கு அதற்குள் மூக்கில் வேர்த்துவிட்டது. சங்கரன்கோயிலில் ஒரு வரன் இருக்கிறதாம், "படிப்பும் இல்ல, வீட்ல வச்சு என்ன செய்யப் போற?" என்றாள். "வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கப் போறேன் மதினி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இதில் உங்களைக் கேட்காமல் முடிவு செய்ய எனக்கு மனமில்லை. யோசித்து எழுதுங்கள்.

தங்கள்
குழல்வாய்மொழி

மனாமா
1-7-1983

அன்பு குழலுக்கு,

வல்லி கேட்டபடியே இருக்கட்டும்.

இதை எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று. கஷ்டமாக இல்லை என்று சொன்னால் பொய். யாரும் 'டாக்டரம்மா அப்பா' என்று கூப்பிட்டால், என் மகள் அந்தப் படிப்புக்குப் போகவில்லை என்று சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குத் தாவினேன். இப்போது பழகிவிட்டது.

அவள் எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். அதிரசம் இப்போது பிடிக்காதாம், திகட்டுகிறதாம். முந்திரிக்கொத்துதானாம். படித்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

உன்
நாறும்பூநாதன்

மனாமா
20-5-1984

அன்பு குழலுக்கு,

வல்லி எழுதிய நாலு பக்கமும் படித்தேன். இலஞ்சியில் உலகம்மை என்பவர் வைத்திருக்கும் நாற்றுப் பண்ணையில் இவ்வளவு நாளாகச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதை நீங்கள் இரண்டு பேரும் எனக்கு இப்போதுதான் சொல்கிறீர்கள். நான் கோபப்படுவேன் என்று நினைத்தீர்களாக்கும். உங்களைக் குறை சொல்ல முடியாது.

இங்கே ஆகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறார்கள். பேனாவை எடுத்தபோதுதான் தோன்றியது. மகளிடம் கேட்கக் கற்றுக்கொண்டேன், உன்னிடம் இன்றுவரை ஒன்றுமே கேட்டதில்லை. நான் பஹ்ரைன் வந்தபோதுகூட, போகிறேன் என்று சொன்னேன், போகட்டுமா என்று கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். நீ என்ன சொல்கிறாய் குழலு?

உன்
நாறும்பூநாதன்

மேலகரம்
4-6-1984

என் அன்பு அத்தானுக்கு,

முதலில் வல்லி சங்கதி. மூன்று மாதத்துக்கு முன்னால் புளியங்குடியிலிருந்து ஒரு எலுமிச்சைத் தோட்டக்காரர் பண்ணைக்கு வந்து, வாங்கிப்போன கன்றெல்லாம் இலை சுருண்டு போச்சு என்று சத்தம் போட்டாராம். இவள் அந்த இலையை வாங்கித் திருப்பிப் பார்த்து, "அண்ணாச்சி, கன்னுல கோளாறு இல்ல, இலைக்கு அடியில புழு இருக்கு, பாருங்க" என்று காட்டியிருக்கிறாள். அவர் அதற்கு மருந்து கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்லுதேன்" என்றாளாம். தெரியாது என்று அவள் பயப்படாமல் சொன்ன கதையை அன்றைக்கு என்னிடம் பத்துத் தடவை சொன்னாள்.

அதற்கு அப்புறம்தான் படிக்க வேண்டும் என்று அவளுக்கே வந்தது. விவசாயப் படிப்புக்கு அவள் மார்க் எட்டாது. பாளையங்கோட்டையில் தாவரவியல் பி.எஸ்ஸி. சேரப்போகிறேன் என்கிறாள். நேற்று அவளாகவே பஸ் ஏறிப்போய் விண்ணப்பம் வாங்கிவந்துவிட்டாள். அதில் அப்பா கையெழுத்து என்று ஓர் இடம் இருக்கிறது. நான் போடட்டுமா என்றதற்கு, "பொறு, அப்பாட்ட கேப்போம்" என்கிறாள். பயந்து சொல்லவில்லை, ஆசையாகச் சொல்கிறாள்.

இனி நீங்கள் என்னிடம் கேட்டதற்கு வருகிறேன். அதைப் படித்துவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன், பொங்கி வழிந்தது, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

யோசித்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் கொடுத்த தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் போடவேண்டிய கையெழுத்து இங்கே இருக்கிறது. விண்ணப்பம் கொடுக்க இருபத்தைந்தாம் தேதி கடைசி. லீவு சொல்லிவிட்டு இப்போதே வாருங்கள். கணக்கு முடிக்க மறுபடி ஒருமுறை போகவேண்டுமென்றால் போய்விட்டு வரலாம்.

வாருங்கள் அத்தான். எனக்கு நீங்கள் வேண்டும்.

உங்கள்
குழலு