கேனைக் கழுவ வேண்டாம்

அன்புள்ள உனக்கு,

நான் நலம். ரத்த அழுத்தம் வழக்கம்போல. உன் தம்பிக்குக் கால் எலும்பு கூடி வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கட்டிய கணவனுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குச் செய்தி போகிறது. போகட்டும், மனதில் வைத்துக்கொள்கிறேன்.

தம்பியைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அப்பனும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கிட்டா எழுதுங்க, வர்றேன். போன் வேண்டாம். போன்ல உங்களுக்குக் கத்தத்தான் தெரியும்" என்றாய். அதனால் எழுதுகிறேன். பேசினோம். எப்படிப் பேசினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு எதையோ மறைத்தேன் என்று பேச்சு வரக்கூடாது.

படித்த பெண் வீடுவீடாகப் போய்ப் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கேட்டு நிற்பதை எந்தத் தகப்பனும் ரசிக்க மாட்டான். அதைச் சொல்லப் போய்த்தான் எங்களுக்குள் பேச்சு நின்றது. அந்தக் கருத்தில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் அவளும், நீ 'நெட்டை' என்று கூப்பிடும் மெக்கானிக் பையனும், மருந்துக் கடைக்காரர் மகளும் அந்த எண்ணெயில் சோப்புக்குப் போடுகிற அதே காரத்தைச் சேர்த்துக் காய்ச்சி டீசலாக்குகிறார்கள். சிறுநீரகம் கெட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் குடியிருப்பு வேன் அதில்தான் ஓடுகிறது. இதெல்லாம் நீ இருக்கும்போதே நடந்தது. நீ போன பிறகு நடந்தது வேறு. போன மாதம் பாலத்தின் நடுவில் வேன் நின்றுவிட்டது. உள்ளே நான்கு நோயாளிகள். வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் கூழ் மாதிரி அடைத்திருந்தது.

குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குக் கேட்கவா வேண்டும்? சோப்புக் கம்பெனியில் எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்து தேய்த்துவிட்டு, இங்கேயும் வந்து ஒரு நாற்காலி பிடித்தவர். இன்னொரு தடவை வண்டி நின்றால் கொட்டகைக்குப் பூட்டு என்று கூட்டத்தில் அறிவித்தார். பூட்டினால் உன் மகள் தூரத்து ஊரில் ஒரு வேலையை ஒப்புக்கொள்ளப் போகிறாள் என்று நெட்டை என் காதில் விழும்படி சொன்னான். வீட்டுக்கு வந்து பார்த்தால், அவள் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டி வெளியே வந்து, தூசி தட்டி நின்றது. நீ அங்கே, அவள் இன்னொரு ஊரில் என்றால், இந்த வீட்டில் நான் யாரோடு பேசாமல் இருப்பது?

மறுநாள் ஏணி வேண்டும் என்ற சாக்கில் கொட்டகைக்குப் போனேன். மூவரும் ஒரு டிரம்மைச் சுற்றி, பிணத்தைச் சுற்றி நிற்பவர்கள்போல நின்றார்கள். உள்ளே திரிந்த பால் மாதிரி ஏதோ இருந்தது. ஒரு விரலால் தொட்டுத் தேய்த்தேன். பாதி ஆயுளைச் சோப்புக் காய்ச்சியே கழித்த விரலுக்கு வேறு சாட்சி தேவையில்லை. நான் வாய் திறப்பதற்குள் அவள் டிரம்மைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்த்து அல்ல: "சோப்புன்னு தெரியும். தண்ணி சேர்ந்தா இப்படித்தான் ஆகும்னும் தெரியும். முதல்ல சூடு பண்ணித் தண்ணிய விரட்டிட்டுத்தான் மத்த வேலை. அதுக்கும் மீறி இவ்வளவு தண்ணி எங்கேர்ந்து வருதுன்னுதான் தெரியல."

எனக்குத் தெரியும்.

பால்கனியில் நான் நிற்பது உனக்குப் பிடிக்காது. ஊரை முறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்பாய். முறைத்தாலும் கண் வேலை செய்கிறது இல்லையா? இவர்கள் எண்ணெய் ஊற்றி வைக்க வீட்டுக்கொரு கேனில் கதவு எண் எழுதிக் கொடுத்தார்கள் பார், அன்றைக்குப் பிடித்தது வினை. கறுத்த எண்ணெய் வழிகிற கேனைத் தன் வீட்டு எண்ணோடு படிக்கட்டில் வைக்க யாருக்கும் மனமில்லை. கீழே பொதுக் குழாயில் கேனைத் தேய்த்துக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட எண்ணெயை ஊற்றி, பளபளவென்று வைக்கிறார்கள். எல்லோருக்கும் மேலே செயலாளர் வீட்டம்மா. சோப்புத் தூள் போட்டு அலசி, அலசிய தண்ணீரைக்கூட முழுதாகக் கொட்டுவதில்லை.

"செயலாளர் வீட்டம்மா கேனைக் கழுவுது" என்றேன். இத்தனை மாதம் கழித்து மகளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இன்னும் கௌரவமாக ஏதாவது வந்திருக்கலாம். மீதியையும் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பால்கனில நின்னு முறைச்சதுக்கும் ஒரு பிரயோஜனம் இருக்குப்பா" என்றாள். அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

கொட்டகைக் கதவில் 'கேனைக் கழுவ வேண்டாம்' என்று எழுதி ஒட்டினார்கள். பாதிப் பேருக்குக் கோபம். நாங்க என்ன அழுக்குப் பிடிச்சவங்களா என்று செயலாளர் வீட்டம்மா சண்டைக்கு வந்தார். உன் மகள், "கழுவினாத்தான் ஆன்ட்டி எங்களுக்கு அழுக்கு. நீங்க அப்படியே குடுங்க, உங்க எண்ணெய்தான் இருக்கறதுலயே நல்லது" என்று சொல்லி அனுப்பினாள். இந்தச் சாமர்த்தியம் உன் பக்கத்திலிருந்து வந்தது. என்னிடம் இது இருந்திருந்தால் அந்த நாற்காலி எனக்கே கிடைத்திருக்கும்.

நேற்று புது எண்ணெயில் வேன் போயிற்று. கண் பரிசோதனைக்கு என்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. பாலம் வந்தது. முன் சீட்டில் உன் மகள் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. வண்டி இருமாமல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. நான் மூச்சு விட்ட சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தாள். புகையில் பொரிக்கிற வாசனை. பின்சீட்டில் இருந்த தையல்காரர், "பொரிச்சதைக் கண்ணால பாக்காதேன்னு எனக்கு டாக்டர் உத்தரவு. வண்டி மட்டும் நல்லாத் தின்னுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இன்று காலை பார்த்தேன், பெட்டி கட்டிலுக்கடியில் போய்விட்டது.

இன்னொன்று. இந்தக் குடியிருப்பிலேயே எண்ணெய் கொடுக்காத ஒரே வீடு நம்முடையது என்று செயலாளர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த ஆளிடம் பேச்சு வாங்குவேனா? உருளைக்கிழங்கு வாங்கி வந்து நானே பொரித்தேன். பாதி கருகிவிட்டது. இருந்தும் அவள் உட்கார்ந்து தின்றாள். நம் கதவு எண்ணோடு கேன் படிக்கட்டில் இருக்கிறது, கழுவாமல். அடுப்பு மேடையும் அப்படியே இருக்கிறது. அதை நீ வந்து பார்த்துத் திட்டினால்தான் சரியாக இருக்கும்.

உன் தம்பி சீக்கிரம் கால் ஊன்றி நடக்கட்டும். என் கல்யாணத்தில் என்னை மதிக்காமல் நின்றவன்தான், மறக்கவில்லை. ஆனாலும் மனதாரச் சொல்கிறேன், நன்றாக நடக்கட்டும், துணையில்லாமல் நடக்கட்டும். இதை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டு.

இப்படிக்கு,
உன் மகளின் அப்பா